‘இயன்றவரை’ என்று எழுதியவர்களுக்கு

பெறுநர்: ஒன்றிய சுற்றுச்சூழல், வனம் மற்றும் காலநிலை மாற்ற அமைச்சகம், இந்திரா பர்யாவரண் பவன், ஜோர் பாக், புது தில்லி.

பொருள்: கிரேட் நிக்கோபார் தீவுத் திட்டத்தில் வெட்டப்படக்கூடிய, கிளிப் பொந்து உள்ள மரங்கள் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். 34 வருஷம் தில்லியில் மத்திய அரசு வேலை பார்த்து, பிரிவு அலுவலராக 2015-ல் ஓய்வு பெற்றவன் நான். உங்கள் அமைச்சகத்தில் இல்லை, வேறொன்றில். கோப்பில் என்ன எழுதுவது என்று தெரிந்தவன். எதை எழுதாமல் நழுவுவது என்பதும் தெரிந்தவன். இப்போது ராமகிருஷ்ணபுரத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். செவ்வாய்க்கிழமைகளில் மலை மந்திர், மற்ற நாட்களில் லோதி தோட்டத்தில் காலை நடை.

தமிழில் எழுதுவதற்கு இரண்டு காரணம். உங்கள் கட்டடத்தில் தமிழ் படிப்பவர்கள் எந்தெந்த மாடியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஓரளவு அறிவேன். அப்புறம், நான் பேசப்போகும் தீவு தமிழுக்குப் புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜேந்திரன் கடல் கடந்து கொண்ட ஊர்களின் வரிசையில் மாநக்கவாரம் வருகிறது. அந்த வரிசையில் ஒவ்வோர் ஊருக்கும் ஓர் அடைமொழி உண்டு. ஒன்றுக்கு மதில், ஒன்றுக்கு அகழி, ஒன்றுக்கு வாயில். மாநக்கவாரத்துக்கு மட்டும் புலவர் தேன் மிகுந்த நீண்ட சோலையைச் சொன்னார். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலும் அந்தத் தீவில் கண்ணில் பட்டது காடுதான்.

ஆங்கிலப் படி ஒன்றைத் தனியாக அனுப்புகிறேன். மடலை வாங்கிக்கொண்டதற்கு டைரி எண் கிடைத்தால் போதும்.

முதலில் எனக்கும் அந்தத் தீவுக்கும் உள்ள தொடர்பைச் சொல்லிவிடுகிறேன். 1969-லிருந்து சுமார் பத்து வருஷம் முன்னாள் படைவீரர் குடும்பங்களைக் கிரேட் நிக்கோபாரில் அரசே குடியமர்த்தியது. பஞ்சாபிகள், மராட்டியர்கள், மலையாளிகள், தெலுங்கர்கள், நம் ஆட்கள் என்று ஏறக்குறைய 330 குடும்பங்கள். அதில் ஒன்று என் தாய்மாமாவுடையது. திருச்சிப் பக்கத்து மனிதர். பட்டாளத்திலிருந்து வந்து, நிலம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அத்தையையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறியவர். தென்னையும் பாக்கும் வைத்தார்.

1987-ல் எல்.டி.சி. (அரசு ஊழியருக்கான விடுமுறைப் பயணச் சலுகை) எடுத்துக்கொண்டு நான் போனேன். மெட்ராசிலிருந்து போர்ட் பிளேருக்கு மூன்று நாள், அங்கிருந்து கமோர்ட்டா வழியாக கேம்பல் பே போய்ச் சேர இன்னும் சில நாள். வாந்தி எடுத்ததைத் தவிர அந்தக் கப்பலில் வேறு எதுவும் நினைவில்லை. ஆனால் இறங்கிய மறுநாள் காலை நன்றாக நினைவிருக்கிறது. மாமா வீட்டுப் பின்புறம் தென்னை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஒரு சத்தம். தில்லிக் கிளி கத்துவதைக் கேட்டுப் பழகியவனுக்கு அது கிளி என்று முதலில் தோன்றவில்லை. அதைவிடக் கரகரப்பு, அதைவிடப் பெரிய தொண்டை. மேலே இரண்டு பறவைகள் நீண்ட வாலோடு போயின. வாலோடு சேர்த்தால் ஒரு முழத்துக்கும் அதிகம் இருக்கும். தலை பச்சை இல்லை, சாம்பல். நெற்றியில் நாமம் கோணிப்போன மாதிரி ஒரு கறுப்புப் பட்டை. ஆணுக்கு மேல் அலகு சிவப்பு, பெண்ணுக்குக் கறுப்பு. நம் பச்சைக்கிளியின் சொந்தக்காரர்களில் மிகப் பெரியவற்றில் இதுவும் ஒன்று என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

அது நிக்கோபார் கிளி. உலகத்தில் கிரேட் நிக்கோபார், லிட்டில் நிக்கோபார், பக்கத்தில் இருக்கும் மெஞ்சல், கொண்டூல் என்ற குட்டித் தீவுகள், இவ்வளவுதான் அதன் முகவரி. அழியும் ஆபத்தைக் கணக்கிடும் உலகச் சிவப்புப் பட்டியலில் ‘அச்சுறுத்தலை நெருங்கிய இனம்’ என்று போட்டிருக்கிறார்கள். அதே காட்டில் கன்னம் சிவந்த நீள்வால் கிளியும் உண்டு. அந்தமானிலும் மலேயா, சுமத்ரா, போர்னியோ கரைகளிலும் வாழ்வது. தாழ்நிலக் காடு போனதாலும் பிடித்து விற்றதாலும் அது இன்னும் ஒரு படி இறங்கி ‘அழிவாய்ப்பு உள்ள இனம்’ ஆகிவிட்டது.

கடற்கரைப் பக்கம் மாமா கூட்டிப்போனார். புன்னை, பூவரசு, நாட்டு வாதுமை, தாழை. எனக்கு நாகப்பட்டினம் பக்கம் எங்கோ நிற்கிற மாதிரி இருந்தது. ஆனால் அங்கத்தித் தாழை நம் ஊர் வேலித் தாழை இல்லை. மரமாகவே நின்று மனிதத் தலையைவிடப் பெரிய பழம் தள்ளும். நிக்கோபாரிகளுக்கு அது சோறு. அவித்துச் சதையை வழித்து எடுத்துச் சாப்பிடுவார்கள். கிளிக்கும் அது சோறு. நமக்குத் தாழை என்றால் பூ, அதுவும் பாம்பு வரும் என்று பயந்துகொண்டே பறிக்கிற பூ. ஒரு கிளி தாழம்பழத்தின் மேல் உட்கார்ந்து சுளை சுளையாகப் பிய்ப்பதை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன்.

இனி என் வீட்டுக் குற்றத்தைச் சொல்கிறேன். மாமா பையன் அப்போது பதினாறு வயது. வீட்டுத் திண்ணையில் கூண்டில் ஒரு நிக்கோபார் கிளி வைத்திருந்தான். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்து அப்போதே பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை, நானும்தான். எப்படிப் பிடித்தாய் என்று கேட்டேன். பெருமையாகச் சொன்னான். உயரமான மரம் ஒன்றில் பொந்து இருந்தது, வாய் குறுகல், கை நுழையவில்லை, கத்தியால் வாயை அகலமாக வெட்டிக் குஞ்சை எடுத்தேன் என்றான். கிளி மறுபடி அதே மரத்துக்கு வந்தால் அடுத்த குஞ்சையும் எடுக்கலாமே என்று ஏதோ சொல்லவேண்டுமே என்று நான் கேட்க, “இல்லண்ணா, அடுத்த வருஷம் வரல. வாய் பெருசாயிட்டா உள்ள மழைத்தண்ணி போகுது. உடும்பும் நுழையுது” என்றான்.

அந்தப் பதில் எனக்குள் முப்பது வருஷம் கிடந்தது. அதன் அர்த்தம் புரிந்தது தில்லியில்.

தெற்கு தில்லியின் அரசுக் குடியிருப்பு ஒன்றில் என் பணிக்காலத்தின் பாதியைக் கழித்தேன். எங்கள் பிளாக்குக்கு முன்னால் ஒரு வயதான வேம்பு. முன்பு ஏதோ கிளை முறிந்த இடத்தில் உளுத்துப்போய்ப் பொந்து விழுந்திருந்தது. ஒவ்வொரு மாசியிலும் ஒரு கிளிச் சோடி வந்து அதில் இறங்கும். மைனாவோடு சண்டை நடக்கும், பெரும்பாலும் கிளி ஜெயிக்கும். என் மனைவி அதைப் பார்த்துத்தான் குளிர் போய்விட்டது என்று ஸ்வெட்டர்களை உள்ளே வைப்பாள். 2018-ல் ஏழு குடியிருப்புகளை இடித்துக் கட்டும் திட்டம் வந்தபோது பதினான்காயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் கணக்கில் இருந்தன. ஊரே தெருவுக்கு வந்தது, உயர் நீதிமன்றம் தடை போட்டது, செய்தித்தாளில் எல்லாம் படித்திருப்பீர்கள். தடைக்கு முன்பே போன மரங்களில் எங்கள் வேம்பும் ஒன்று. ஒன்று வெட்டினால் பத்து நடுவோம் என்றார்கள். நட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பத்துக் கன்றுகளில் எதில் அந்தக் கிளி குடியேறும்? விரல் தடிமனுள்ள தண்டில் பொந்து விழ முடியாது. வேம்பு வளர்ந்து, முதிர்ந்து, ஒரு கிளை இழந்து, அந்தக் காயம் ஆறாமல் உளுத்து, அது உள்ளே இறங்கி, வாய் கை நுழையாத அளவுக்குக் குறுகலாக நிற்க எத்தனை வருஷம் ஆகும்? கிளிக்கு வீடு கட்டத் தெரியாது. மரங்கொத்தி விட்டுப்போனதையோ காலம் குடைந்ததையோ கொஞ்சம் சுரண்டிச் சரிசெய்து உள்ளே போகும், அவ்வளவுதான்.

ஆனால் தில்லிக் கிளி பிழைத்துக்கொள்ளும். உங்கள் கட்டடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் சப்தர்ஜங் கல்லறையைப் போய்ப் பாருங்கள். லோதி தோட்டத்தில் பாருங்கள். கல் பெயர்ந்த ஓட்டையில் எல்லாம் ஒரு பச்சைத் தலை எட்டிப் பார்க்கும். சுல்தான்களுக்கும் நவாபுக்கும் கட்டியதில் கிளிகள் வாடகை இல்லாமல் இருக்கின்றன. நிக்கோபார் கிளிக்கு அந்த யோகம் இல்லை. லோதிகள் அங்கே யாரையும் புதைக்கவில்லை. அங்கே பொந்து என்றால் மரம், மரம் என்றால் பழைய மரம்.

சரி, கோப்புக்கு வருகிறேன்.

கிரேட் நிக்கோபார் திட்டம் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சுருக்கமாக: கலத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டகத் துறைமுகம், ஒரு விமான நிலையம், ஒரு நகரியம், ஒரு மின் நிலையம். மொத்தம் 166.10 சதுர கிலோமீட்டர், அதில் 130.75 சதுர கிலோமீட்டர் காடு. தீவின் பரப்பே சுமார் 910 சதுர கிலோமீட்டர்தான். 2022 அக்டோபரில் காட்டு நிலத்துக்கான முதல் கட்ட அனுமதி, நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி. வெட்டப்படக்கூடிய மரங்கள் 9.64 லட்சம் என்று நாடாளுமன்றத்தில் சொன்னது உங்கள் அமைச்சகம்தான். அதற்கு முன், 2021 ஜனவரியில், கலத்தியா விரிகுடாவின் வனவிலங்குச் சரணாலயம் என்ற தகுதி நீக்கப்பட்டது. தோல்முதுகுப் பேராமைகள் முட்டையிட ஏறும் கரை அது.

நாட்டுப் பாதுகாப்பு, மலாக்கா நீரிணை, வணிகம் என்று திட்டத்துக்குச் சொல்லப்படும் காரணங்களை நான் எதிர்த்து வாதாடப் போவதில்லை. அதற்குத் தகுதி உள்ளவர்கள் நீதிமன்றத்திலும் வெளியிலும் வாதாடுகிறார்கள். தீவின் பழங்குடிகளான ஷோம்பென், நிக்கோபாரி மக்களின் உரிமை பற்றி அவர்கள் வாயால் கேட்பதே முறை. அது என் மடலைவிடப் பெரிய விஷயம். நில அதிர்வைப் பற்றி மட்டும் ஒரு வரி. 2004 டிசம்பர் 26-ல் தீவின் தென்கோடியான இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் கீழே இறங்கியது, கலங்கரை விளக்கத்தின் காலடியில் கடல் வந்து நின்றது. மாமா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அவர் வைத்த தென்னையும் கிளி உட்கார்ந்த தாழையும் அன்று காலை போயின. மாமா பையன் குடும்பத்தோடு மேட்டுப் பக்கம் இருந்ததால் தப்பினான். கரையோரக் காடு அந்த ஒரு நாளில் இழந்ததையே இன்னும் முழுதாக மீட்டுக்கொள்ளவில்லை.

நான் எடுத்துக்கொண்டது இரண்டே விஷயம்: ஹரியானா, மற்றும் ‘இயன்றவரை’.

ஹரியானாவிலிருந்து தொடங்குகிறேன். நிக்கோபாரில் போகும் காட்டுக்கு ஈடாக ஹரியானாவில் காடு வளர்க்கப்படும் என்பது உங்கள் அனுமதியில் உள்ளது. காடு மிகுந்த பகுதியில் ஈடுகட்ட இடம் கிடைக்காவிட்டால் வேறு மாநிலத்தில் செய்யலாம் என்ற விதி இருப்பது எனக்குத் தெரியும். விதிப்படி சரி. கோப்பில் குறை சொல்ல முடியாது. கோப்பை மூடிவிட்டு வெளியே வந்து பாருங்கள். நிக்கோபாரில் ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டருக்கு மேல். தெற்கு ஹரியானாவில் 600 தாண்டினால் விவசாயி சிரிப்பான். இங்கே ஆரவல்லியில் தானாக முளைத்து மண்டிக் கிடப்பது சீமைக்கருவேலம். நம் ஊர் ஏரிகளைத் தின்ற அதே மரம். இங்கே விலாயதி கீகர் என்பார்கள். நூஹ் பக்கம் என்னதான் நட்டு, தண்ணீர் ஊற்றி, வேலி போட்டு வளர்த்தாலும் தாழை காய்க்காது, புன்னை காடாகாது. நிக்கோபார் கிளிக்கு ஹரியானா எந்தத் திசையில் இருக்கிறது என்றும் தெரியாது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அநியாயம். ஆரவல்லியில் காடு வளர்ப்பதை நான் எதிர்க்கவில்லை. நாட்டிலேயே காடு மிகக் குறைந்த மாநிலம் ஹரியானா. தில்லிக்கு வரும் புழுதியைத் தடுக்கிற மலை அது. என் பேரன் மாஸ்க் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறான். ஆரவல்லியைக் காப்பாற்றுங்கள், ஆரவல்லிக்காகக் காப்பாற்றுங்கள், அதற்கென்று பணம் ஒதுக்கிச் செய்யுங்கள். நிக்கோபார்க் கணக்கின் வரவுப் பக்கத்தில் அதை எழுதாதீர்கள். மளிகைக் கடையில் வாங்கிய கடனைத் துணிக்கடையில் அடைத்துவிட்டு ரசீது காட்டுகிற கதை இது. இரண்டு பக்கமும் தொகை சரியாக இருக்கும். மளிகைக்காரருக்குக் காசு வந்திருக்காது.

இப்போது ‘இயன்றவரை’.

உங்கள் சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. பலரும் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போயிருப்பார்கள். எனக்கு நிபந்தனைகளைப் படிப்பது தொழில். அந்தத் தீவுகளில் மட்டுமே வாழும் ஆந்தைகள் கூடு வைக்கும் பொந்து மரங்களைச் சலீம் அலி பறவையியல் மையத்தின் உதவியோடு அடையாளம் கண்டு, இடக்குறி பதிய வேண்டும். அத்தகைய மரங்களை இயன்றவரை பாதுகாக்க வேண்டும் என்பது அதன் சாரம். சலீம் அலி மையம் எது என்று தமிழ் வாசகர்களுக்குத் தெரியும், கோவை ஆனைகட்டியில் இருப்பது.

இந்த நிபந்தனையை எழுதியவர் யாராக இருந்தாலும் அவருக்கு என் மரியாதை. காரணம், அந்தக் கடிதத்தில் ஓர் உயிருக்கு மரம் எதற்குத் தேவை என்று கேட்டுவிட்டு எழுதப்பட்ட வரி அது. 9.64 லட்சம் என்பது மரத்தின் தலைக்கணக்கு. அதில் பொந்து உள்ளது எத்தனை, பொந்து இருப்பதில் குடித்தனம் நடப்பது எத்தனை என்பது வேறு கணக்கு. ஆந்தைக்காக உங்களில் யாரோ ஒருவர் அந்த இரண்டாவது கணக்கைத் தொடங்கி வைத்திருக்கிறார்.

என் கேள்வி எளிது. அதே காட்டில் அதே மாதிரிப் பொந்தை நம்பி வாழும் கிளி ஏன் அந்த வரியில் இல்லை?

நம் வழக்கத்தில் ஆந்தை கத்தினால் அபசகுனம், கிளி என்றால் ஆண்டாள் கையில் உட்கார்ந்திருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் தினம் தினம் இலையும் பூவும் கொண்டே ஒரு கிளி செய்து வைக்கிறார்கள். அப்படிப்பட்ட நாட்டில் ஆந்தைக்குக் கிடைத்த சலுகை கிளிக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகவும் இருக்கிறது. ஆந்தை மேல் எனக்கு எந்தப் பொறாமையும் இல்லை. மரத்தில் ஏறி ஒவ்வொரு பொந்தாகப் பார்க்கப் போகிற ஆராய்ச்சியாளர் உள்ளே கிளிக்குஞ்சு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டா இறங்கி வருவார்? எப்படியும் ஏறத்தான் போகிறார். படிவத்தில் ஒரு பத்தி கூடும், அவ்வளவுதான் செலவு.

அடுத்தது அந்தச் சொல். ‘ஆஸ் ஃபார் ஆஸ் பாசிபிள்’ என்று நானே எத்தனை கோப்பில் எழுதியிருக்கிறேன் தெரியுமா? கான்டீனில் சுத்தமான தண்ணீர் இயன்றவரை வழங்கப்படும். ஊனமுற்ற ஊழியருக்குத் தரைத்தளத்தில் இயன்றவரை இடம் தரப்படும். அந்தச் சொல்லை எழுதிய அன்றே எனக்குத் தெரியும், நடக்காது என்று. நடக்கவில்லை என்றால் யாரும் என்னைக் கேட்கவும் முடியாது. கேட்டால், இயலவில்லை என்று ஒரு வரி எழுதினால் போதும். ஒரு பிரிவு அலுவலரின் பணிக்காலத்தில் இதைப்போல உதவிய சொல் வேறு இல்லை. அந்தச் சொல்லுக்குள் எத்தனை பேர் ஒளிந்துகொள்ளலாம் என்று தெரிந்தவன் சொல்கிறேன்: பொந்து மரத்துக்கு அது வேண்டாம்.

வேண்டுமானால் இப்படி எழுதலாம். திட்டம் பல கட்டங்களாக, ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் நடக்கப் போகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் கோடரி விழுவதற்கு முன் அந்தப் பகுதியின் பொந்து மரங்கள், கிளியும் சேர்த்து, எண்ணப்பட வேண்டும். எண்ணுவது ஒரு நாள் வேலையாக இருக்கக் கூடாது. குஞ்சு பொரிக்கும் காலம் முழுக்கப் பார்க்க வேண்டும். ஏனென்றால் காலியாகத் தெரியும் பொந்து அடுத்த மாதம் வீடாகும். அந்தக் கணக்கு எல்லோரும் படிக்கும்படி வெளியிடப்பட வேண்டும். குடித்தனம் நடக்கும் மரம் வெட்டப்பட வேண்டும் என்றால், எந்த மரம், எந்த அதிகாரி, என்ன காரணம் என்று பெயரோடு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து என்று வந்தால் எத்தனை மரம் தப்பிக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கூட்டுப் பெட்டி வைத்துச் சரிசெய்துவிடலாமே என்று உங்கள் ஆலோசகர் யாராவது சொல்லலாம். சொல்வார்கள், ஏனென்றால் அதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. பிரேசிலின் தென்கிழக்குக் கரையில், சாவ் பாவ்லோ, பரனா மாநிலங்களின் கடலோரக் காட்டில், செவ்வால் அமேசான் கிளி என்று ஒன்று. குஞ்சு திருட்டாலும் மரம் வெட்டியதாலும் 5,000-க்கும் கீழே போயிருந்தது. உள்ளூர் அமைப்பினர் மரத்திலும் பிவிசி குழாயிலும் பெட்டி செய்து காட்டில் மாட்டினார்கள், வருஷா வருஷம் எண்ணினார்கள், திருட்டைத் தடுத்தார்கள். 2015 வாக்கில் 9,000-ஐத் தாண்டியது. ஆபத்துப் பட்டியலில் ஒரு படி மேலே வந்தது. அந்தக் கிளி இயற்கையாகக் கூடு வைக்கும் மரங்களில் முக்கியமான ஒன்று நம் புன்னையின் பங்காளி என்று படித்தபோது எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது.

ஆனால் அந்தப் பெட்டிகளை எங்கே மாட்டினார்கள் என்பதைக் கவனியுங்கள். நிற்கிற காட்டில். தின்ன மரம் இருந்தது, இரவு தங்கத் தீவுகள் இருந்தன, சூப்பரகூய் தேசியப் பூங்கா 1989-லேயே அறிவிக்கப்பட்டிருந்தது. பெட்டி ஒரு குறையை நிரப்பியது. காட்டுக்குப் பதிலாக வரவில்லை. கன்டெய்னர் யார்டு ஓரத்தில் கம்பத்தில் மாட்டிய பெட்டிக்குள் எந்தக் கிளி எதைத் தின்று குஞ்சு வளர்க்கும்?

மொரிஷியஸ் கதை இன்னும் நெருக்கம், ஏனென்றால் அங்கே வாழும் எக்கோ கிளி நம் நிக்கோபார் கிளியின் சொந்தம். காடு அழிந்து 1980-களில் பத்துப் பன்னிரண்டுதான் மிஞ்சியிருந்தது. கூடு காத்து, தீனி வைத்து, குஞ்சு வளர்த்துவிட்டு, இன்று பல நூறு ஆக்கியிருக்கிறார்கள். அதற்கு நாற்பது வருஷமும் பல நாட்டுப் பணமும் ஆனது. அங்கே அந்தக் கிளியோடு பொந்துக்குச் சண்டை போடுவது யார் தெரியுமா? கூண்டிலிருந்து தப்பிப் பெருகிய நம் ஊர்ப் பச்சைக்கிளி. லோதி தோட்டத்தில் நான் கடலை போடுகிற அதே ஆள்.

பிழைக்காதவையும் உண்டு. ரொட்ரிக்ஸ் தீவின் கிளியை 1875-க்குப் பிறகு யாரும் பிடிக்கவில்லை. சீஷெல்ஸ் தீவுகளின் கிளி தென்னந்தோப்புக்காகக் கரையோரக் காடு வெட்டப்பட்டதாலும் பயிரைத் தின்கிறது என்று கொல்லப்பட்டதாலும் போனது, 1906-க்குள் முற்றிலும் இல்லை. இரண்டும் இந்தியப் பெருங்கடல் தீவுகள், இரண்டும் இதே கிளி வம்சம். சீஷெல்ஸில் காடு வெட்டியவர்கள் கிளியை நினைத்து வெட்டவில்லை. தேங்காய்க்கு விலை இருந்தது, அவ்வளவுதான்.

தமிழ் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை, மடல் திறந்த மடல்தானே. தில்லியில் நம்மவர் வீடுகளில் இன்னும் கூண்டுக் கிளி பார்க்கிறேன். ஒரு ஜோசியரிடம், ஒரு மெஸ் வாசலில், படித்தவர் பால்கனியில். “குஞ்சிலிருந்து வளர்க்கிறோம் சார், பிள்ளை மாதிரி” என்பார்கள். நம் நாட்டுக் கிளி எதுவானாலும் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைப்பதும் சட்டப்படி குற்றம். அதைவிட, குஞ்சிலிருந்து என்றால் பொந்திலிருந்து என்று அர்த்தம். யாரோ ஒருவர் எங்கோ ஒரு மரத்தில் கத்தி வைத்திருக்கிறார். என் மாமா பையன் இப்போது திருச்சியில் இருக்கிறான், தாத்தா ஆகிவிட்டான். இந்த மடலை எழுதும்முன் போனில் கேட்டேன், உன் கதையைப் போடலாமா என்று. “போடுண்ணா, பேர் மட்டும் வேண்டாம்” என்றான். கொஞ்சம் பொறுத்து, “அந்தக் கிளி மூணு மாசம்கூட உயிரோட இல்ல, அதையும் எழுதிடு” என்றான். எழுதிவிட்டேன்.

என் கோரிக்கைகள் மேலேயே இருக்கின்றன, வரிசை எண் போட்டுத் திரும்ப எழுதவில்லை. உங்கள் டீலிங் அசிஸ்டென்ட் படித்துவிட்டு எடுத்து எழுதிக்கொள்வார். நல்ல அசிஸ்டென்ட் என்றால் கிளி, பொந்து, ஹரியானா, அந்த ஒரு சொல் என்று நான்கே வார்த்தையில் மார்ஜினில் குறித்து முடித்துவிடுவார்.

பதில் அஞ்சலில் வரவேண்டியதில்லை. வரும் புதன்கிழமை நடை முடித்துவிட்டு ஒன்பதரை மணிவாக்கில் உங்கள் வரவேற்பறைக்கு நானே வருகிறேன். கையில் இந்த மடலின் இரண்டு படி இருக்கும். ஒன்றில் முத்திரை குத்தித் தந்தால் வாங்கிக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிரிவு அலுவலர் ஒருவர்,
ராமகிருஷ்ணபுரம், புது தில்லி.